பீன்யாக் கொட்டகைகளும் விஞ்ஞான ஆசிரியர் பயிற்சியும்

பெங்களூரு நகரின் வடமேற்கில், தும்கூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பீன்யா என்னும் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. கடைசல் பட்டறைகள், முலாம் பூசும் தொழிற்கூடங்கள், யந்திர உறுப்புகள் செய்யும் சிறு தொழிற்சாலைகள், ஆயத்த ஆடை ஆலைகள் எனப் பல்லாயிரவருக்கு வேலை தரும் இடம் அது. வெளியூரிலிருந்து வருவோர் அதனைப் புகையும் இரைச்சலும் நிறைந்த ஒரு பகுதியென்று கருதிக் கடந்து செல்வது வழக்கம். ஆயினும், விஞ்ஞானம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் அத்தியாயம் அதன் வரலாற்றில் உண்டு. இந்தியாவின் முதல் செயற்கைக் கோளாகிய ஆரியபட்டா இங்குள்ள தொழிற்கொட்டகைகளில்தான் உருவாக்கப்பெற்றது.

1972-ஆம் ஆண்டு மே மாதத்தில் சோவியத் விஞ்ஞான அகாடமிக்கும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திற்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியர் ஒரு கோளைச் செய்து தருவது, அதனைச் சோவியத் ராக்கெட்டு விண்ணில் ஏற்றுவது என்பது ஏற்பாடு. பேராசிரியர் உ. ரா. ராவ் தலைமையில் ஒரு குழு பீன்யாவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட சில கொட்டகைகளைப் பெற்று வேலையைத் தொடங்கிற்று. குழுவினரில் பெரும்பாலோர் இளைஞர்; செயற்கைக் கோள் ஒன்றைச் செய்து பழகியவர் எவருமிலர். கொட்டகைக்குள்ளேயே தூசி புகாத அறைகளை அவர்கள் அமைத்துக் கொண்டனர். இடம் போதாமையால் ஒரு கழிப்பறையையே மாற்றியமைத்துக் கோளிலிருந்து வரும் செய்திகளை வாங்கும் நிலையமாகப் பயன்படுத்தியதாகவும் கூறப்படுகிறது. மூன்றாண்டுகளுக்குள் வேலை முடிந்தது. சுமார் 360 கிலோகிராம் எடையுள்ள அக்கோள் 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் கபுஸ்தின் யார் தளத்திலிருந்து விண்ணிற் செலுத்தப்பட்டது. மறு ஆண்டில் வெளியான இரண்டு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அதன் உருவம் பொறிக்கப்பட்டிருந்ததை வாசகர்களுள் மூத்தோர் நினைவு கூர்வர்.

கோள் ஏறிய சில தினங்களில் மின்சாரப் பகுதியில் ஒரு கோளாறு நேரிட்டது. அதிலிருந்த மூன்று விஞ்ஞான ஆய்வுகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. எனினும் கோளின் பிற பகுதிகள் தொடர்ந்து இயங்கின. 1981 வரையில் அதனுடன் தொடர்பு இருந்தது. இத்தோல்வியை மறைப்பதற்கில்லை. அதைப் போலவே, அக்கொட்டகைகளில் கற்றவர்களே அடுத்தடுத்த கோள்களைச் செய்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒரு பொருளைத் தம் கையால் செய்து, அது ஏன் வேலை செய்யவில்லை என்று ஆராய்ந்து, மறுபடியும் செய்யும் பழக்கம் அவர்களுக்கு வாய்த்தது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்று அளிக்கப்பெறும் பயிற்சியில் பெரிதும் குறைவாக இருப்பது இப்பழக்கமே என்பது இக்கட்டுரையில் காட்டப்பெறும்.

இப்பயிற்சி இந்நாளில் ‘ஸ்டெம்’ கல்வி என்ற பெயரால் வழங்குகிறது. விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கு துறைகளின் ஆங்கிலப் பெயர்களது முதலெழுத்துகளைக் கூட்டி அமெரிக்காவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய சொல் இது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தண்டு என்றும் பொருளுண்டாதலால், தாவரவியல் ஆசிரியர்கள் அது தமக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடக் கூடாது. தமிழில் நான்கு முதலெழுத்துகளைக் கோத்து ஒரு புதுச்சொல் ஆக்குவதைவிட, நான்கையும் விரித்துக் கூறுவதே தெளிவு. பெயர் எதுவாயினும் கருத்து ஒன்றே: இந்நான்கையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்காமல், மெய்யான ஒரு காரியத்தைச் செய்யும்போது நான்கும் ஒருங்கே தேவைப்படுவதை மாணவனுக்கு உணர்த்துதல் வேண்டும். நம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் விஞ்ஞானமும் கணிதமும் பட்டப் படிப்பில் பயின்றவர்கள். பொறியியலையும் தொழில்நுட்பத்தையும் அவர்களுக்கு யாரும் கற்பித்ததில்லை. ஆகவே ஸ்டெம் பயிற்சி என்ற பெயரில் மறுபடியும் விஞ்ஞானச் சொற்பொழிவே நிகழ்த்தப்படுமாயின், பெயர்ப்பலகை மாறியதன்றி வேறு பயனில்லை.

நம் நாட்டில் இத்துறையில் முயற்சிகள் புதியன அல்ல. 1963-இல் மைசூரில் தொடங்கப்பெற்ற பிரதேசக் கல்விக் கல்லூரி, விஞ்ஞானப் பட்டத்தையும் ஆசிரியப் பயிற்சியையும் நான்கு ஆண்டுகளில் சேர்த்துக் கற்பிக்கும் முறையை மேற்கொண்டது. அதே காலத்தில் அமெரிக்க உதவியுடன் கோடைக்காலப் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சில வாரங்கள் கல்லூரிகளில் தங்கிப் புதிய பாடத்திட்டங்களைப் பயின்றனர். கணிதத்திற்கென்று 1965-இல் சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான பி. கே. சீனிவாசன், முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். காகித மடிப்பும் எண் கோலங்களும் கணிதக் கண்காட்சிகளும் வாயிலாகக் கணிதம் கற்பிக்கும் வழியைப் பல ஆசிரியர்களுக்கு எடுத்துக் காட்டியவர். இன்று பீன்யாவைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையின் வழியாகச் சித்திரதுர்க்க மாவட்டத்திலுள்ள சள்ளக்கெரேயை அடையலாம். இந்திய அறிவியல் கழகம் அங்குள்ள தன் வளாகத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குத் தங்கிப் பயிலும் முகாம்களை நடத்தி வந்துள்ளது. ஆய்வுக்கூட வேலைக்கு அங்கு முதலிடம் தரப்படுகிறது.

ஆரியபட்டா ஏறிய அதே ஆண்டில் மற்றொரு பெருமுயற்சியும் தொடங்கிற்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் ஓர் அமெரிக்கச் செயற்கைக் கோளின் வழியே, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. இத்திட்டத்தின் ஒரு பகுதியாக ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது. கோளினால் பயிற்சி என்றவுடன், ஆசிரியர்கள் பெட்டியின் முன் அமர்ந்து கேட்டுவிட்டு வீடு திரும்பினர் என்று எண்ணுதல் தவறு. டெலிவிஷனுடன் ரேடியோ நிகழ்ச்சிகளும், அச்சிட்ட குறிப்புகளும், ஒவ்வோர் இடத்திலும் ஒரு வழிகாட்டியின் மேற்பார்வையில் ஆசிரியர்கள் தாமே செய்து பார்க்கும் சோதனைகளும் சேர்ந்தே இருந்தன. திரையில் தோன்றியது, செய்வதற்குத் தூண்டுதல், கற்றது, செய்ததனால். இவ்வேறுபாட்டை இன்றைய கம்ப்யூட்டர் வழிப் பயிற்சிகளை அமைப்போர் கவனித்தல் நலம்.

இவ்வெல்லாவற்றினும் ஆழமாக ஆராயத்தக்கது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், அதாவது இன்றைய நர்மதாபுரத்தில், 1972 முதல் 2002 வரை நடைபெற்ற விஞ்ஞானக் கல்வித் திட்டமாகும். கிஷோர் பாரதி, ரசூலியாவின் பிரண்ட்ஸ் கிராமிய மையம் என்னும் இரு தன்னார்வ நிறுவனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் துணை நின்றனர். 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிவுற்றது; 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் அதனை நடத்தியது. அத்திட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் உரியதாயினும், அதன் பயிற்சி முறை உயர்நிலைப் பள்ளிக்கும் பொருந்தக் கூடியதே.

அம்முறையில் ஒவ்வோர் ஆசிரியரும் கோடை விடுமுறையில் மூன்று வாரம் வீதம், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயிற்சிக்கு வந்தார். அங்கு அவர் மாணவராக அமர்ந்தார். நால்வர் ஒரு குழுவாகக் கூடிப் பாடநூலிலுள்ள சோதனைகள் யாவற்றையும் வரிசையாகச் செய்தனர். விடை பாடநூலில் அச்சிடப்படவில்லை. ஆகையால் செய்யாமல் எழுதிவிட வழியில்லை. பல ஆண்டுகள் கற்பித்துப் பழகிய ஆசிரியர்களும் தம் குழுவின் விடையும் அடுத்த குழுவின் விடையும் வேறுபடுவதைக் கண்டு, அதற்குக் காரணம் தேட வேண்டியவராயினர். பயிற்சி அத்துடன் நிற்கவில்லை. பள்ளி திறந்த பின் மாதந்தோறும் அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, வகுப்பில் எழுந்த இடர்களைப் பேசினர். அனுபவமுள்ளவர்கள் பள்ளிகளுக்கு நேரிற் சென்று உதவினர். தேர்வில் மாணவர் புத்தகத்தைத் திறந்து பார்த்து விடையளிக்கலாம்; சோதனை செய்து காட்டவும் வேண்டும். பயிற்சி, பாடநூல், கருவிப் பெட்டி, தொடர் உதவி, தேர்வு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால் அம்முறை முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. ஐந்தில் ஒன்றை மட்டும், அதுவும் எளிதான ஒன்றை மட்டும், எடுத்துக்கொண்டு நடத்தும் முகாம்கள் அத்தகைய பலனைத் தருமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இனி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான முகாமில் நடத்தக்கூடிய இரண்டு பயிற்சிகளைச் சற்று விரிவாகக் காண்போம். இரண்டும் பீன்யாவோடு தொடர்புடையவை. ஆனால் கிண்டி, அம்பத்தூர், பீளமேடு முதலிய எவ்விடத்திலும் நடத்தக்கூடியவை.

முதலாவது, ஆரியபட்டாவின் வடிவத்தைப் பற்றியது. அக்கோளின் மேற்பரப்பு 26 முகங்களால் ஆனது. மேலும் கீழும் உள்ள முகங்கள் நீங்கலாகப் பிறவற்றில் சூரிய மின்கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஏன் 26? கனசதுரமாகச் செய்தால் வேலை எளிதல்லவா? இக்கேள்வியை ஆசிரியர்களிடம் கேட்டுவிட்டு, விடை கூறாமல், அட்டையும் கத்தரியும் பசையும் கொடுத்தல் வேண்டும். சூரிய மின்கலம் தட்டையானது. ஆகவே உருண்டையின் மீது அதனைச் சீராகப் பதிக்க இயலாது. கோளோ விண்வெளியில் சுழன்றுகொண்டே செல்வது. எந்தப் பக்கம் சூரியனை நோக்கினும் கிடைக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருத்தல் வேண்டும். சூரியனை நோக்கும் பரப்பின் அளவென்பது, அப்பொருளின் நிழலுடைய பரப்பேயாகும். எனவே பொறியியல் வினா, நிழலை அளக்கும் வினாவாக மாறுகிறது.

குழுவொன்று 10 செண்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தையும், 5 செண்டிமீட்டர் பக்கமுள்ள 18 சதுரங்களும் 8 சமபக்க முக்கோணங்களும் சேர்ந்த 26 முகத் திண்மம் ஒன்றையும் அட்டையில் செய்க. இது கோளின் நுட்பமான நகலன்று; கணக்கிற்கு எளிதாக எடுத்துக்கொண்ட உருவம். செய்யத் தொடங்கியவுடனேயே கணிதம் தலைகாட்டும். ஒவ்வொரு மூலையிலும் மூன்று சதுரங்களும் ஒரு முக்கோணமும் கூடுகின்றன. அவற்றின் கோணங்கள் 90, 90, 90, 60 சேர்ந்து 330 பாகை. முழுவட்டத்திற்கு 30 பாகை குறைவு. அக்குறைவினால்தான் அட்டை மடிந்து மூலையாகிறது. மூலைகள் 24, ஆகவே மொத்தக் குறைவு 720 பாகை. கனசதுரத்தில் ஒவ்வொரு மூலையிலும் 90 பாகை குறைவு, மூலைகள் 8, அங்கும் 720. இச்சமத்துவம் தற்செயலானதா என்று ஆசிரியர்கள் கேட்பர், கேட்கட்டும். வேறு திண்மங்களையும் எடுத்து அவர்களே சோதித்துப் பார்ப்பது, தேற்றத்தைக் கரும்பலகையில் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியது. 26 முகங்கள், 48 விளிம்புகள், 24 மூலைகள் என்ற எண்களைக் கொண்டு ஆய்லரின் விதியையும் சரிபார்க்கலாம்.

அட்டைத் திண்மம் முதல் முறையில் சரியாக மூடிக்கொள்வது அரிது. சதுரமொன்றின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழையிருந்தாலும், 26-ஆவது முகத்தை ஒட்டும்போது இடைவெளி வாயைப் பிளந்து நிற்கும். சிலர் வலிந்து அழுத்தி ஒட்டுவர்; சிலர் பிரித்து அளந்து பார்ப்பர். பயிற்சியாளர் இவ்விடத்தில் குறுக்கிடாமலிருத்தல் மிகவும் கடினம். ஆயினும் குறுக்கிடாமலிருத்தலே நலம்.

பின்னர் வெயிலுக்குச் செல்ல வேண்டும். மின்விளக்கின் கதிர்கள் விரிந்து செல்வதனால் நிழல் பெரிதாகும். சூரியக் கதிர்களை இணைகதிர்களாகக் கொள்ளலாம். ஒரு பலகையில் வரைகட்டத் தாளை ஒட்டி, அதன் மூலையில் ஓர் ஊசியைச் செங்குத்தாகக் குத்துக. ஊசியின் நிழல் மறையும்படி பலகையைத் திருப்பினால், பலகை கதிர்களுக்குச் செங்குத்தாக இருக்கிறது என்று பொருள். ஒருவர் பலகையைப் பிடிக்க, ஒருவர் திண்மத்தை நூலில் தொங்கவிட, ஒருவர் நிழலின் ஓரத்தை வரைய, ஒருவர் கட்டங்களை எண்ணலாம். நால்வருக்கும் வேலையுண்டு. கனசதுரத்தின் ஒரு முகம் சூரியனை நேரே நோக்கும்போது நிழல் 100 சதுரச் செண்டிமீட்டர். விளிம்பு நோக்கும்போது சுமார் 141. மூலை நோக்கும்போது சுமார் 173. அதாவது, கிடைக்கும் மின்சாரம் ஒன்றிலிருந்து ஒன்றேமுக்கால் மடங்கு வரையில் ஏறியிறங்கும். 26 முகத் திண்மத்திலோ மிகச் சிறிய நிழல் சுமார் 121 சதுரச் செண்டிமீட்டர். மிகப் பெரியது சுமார் 137. வேறுபாடு ஏழில் ஒரு பங்கிற்குள் அடங்கிவிடுகிறது. முகங்களை இன்னும் கூட்டினால் இன்னும் சீராகும். ஆனால் ஒட்ட வேண்டிய விளிம்புகளும் தவறு நேரக்கூடிய இடங்களும் பெருகும். எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பதே பொறியாளரின் வேலை. விளிம்புகளைத் தம் கையால் ஒட்டிய ஆசிரியருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வெயிலில் எண்ணிய கட்டங்கள் கணக்கிட்ட எண்ணோடு ஒத்துவருவது அபூர்வம். 121 என்பதற்கு 117 என்றோ 126 என்றோ வரும். இவ்வேறுபாட்டைப் பற்றிய பேச்சு இரண்டாவது பயிற்சிக்கு வாயிலாகிறது.

பாடநூலில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் ஒன்பதாம் வகுப்பு அளவிலேயே இடம்பெற்றுள்ளன. மீச்சிற்றளவைக் கணக்கிடும் சூத்திரம் எல்லா மாணவருக்கும் மனப்பாடம். கருவியைக் கையில் பிடித்தவர் எத்தனைபேர் என்பது வேறு விஷயம். பத்தாம் வகுப்பு முடித்துத் தொழிற்பேட்டையில் பயிலாளாகச் சேரும் ஒரு பையனுக்கு முதல் வாரத்திலேயே கொடுக்கப்படுவது வெர்னியர் அளவிதான். ‘படித்தாயே, அளந்து சொல்’ என்று மேஸ்திரி கேட்கும்போது அவன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க நேருமாயின், அவனுக்கு நாம் கற்பித்தது என்ன?

ஆகவே ஆசிரியர்களை ஒரு நாள் கடைசல் பட்டறை ஒன்றிற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்காக அன்று, அளப்பதற்காக. பள்ளி வெர்னியரில் 9 மில்லிமீட்டர் பத்துப் பாகமாக்கப்பட்டிருக்கும், மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர். பட்டறையில் 49 மில்லிமீட்டரை ஐம்பது பாகமாக்கிய அளவிகள் உண்டு. அவற்றின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர். இரண்டிற்கும் சூத்திரம் ஒன்றே. நாற்பது ஆசிரியர்களும் ஒரே இரும்புத் தண்டைச் சாதாரண அளவுகோலாலும், வெர்னியராலும், ‘மைக்ரோமீட்டர்’ என்று பட்டறையில் வழங்கும் திருகு அளவியாலும் அளந்து, ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல் எழுதித் தரட்டும். அந்த நூற்றிருபது எண்களையும் ஒரு வரைபடத்தில் குறித்தால், கருவி நுட்பமாகும்தோறும் எண்கள் நெருங்கி வருவதையும், எனினும் ஒரு புள்ளியாகிவிடாமையையும் காணலாம். திருகு அளவியை இறுக முடுக்கியவர்களுடைய எண்கள் சிறுத்துத் தனியே நிற்கும். முனையிலுள்ள ‘ராட்செட்’ எதற்காக வைக்கப்பட்டுள்ளது என்பது அப்பொழுது விளங்கும்.

பட்டறைக்காரர் பிழையைப் பேசும் முறையும் வகுப்பறை முறையும் வேறு. வகுப்பறையில் பிழை என்பது மதிப்பெண் குறைவதற்கான காரணம். பட்டறையில் அது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை. அதனை ‘டாலரன்ஸ்’ என்பர். எடுத்துக்காட்டாக, 25 மில்லிமீட்டர் துளையில் தாராளமாகச் சுழல வேண்டிய ஒரு தண்டு செய்யும்போது, வழக்கமான தர அட்டவணைப்படி துளை 25.000 முதல் 25.021 மில்லிமீட்டருக்குள்ளும், தண்டு 24.980 முதல் 24.993 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்கலாம். மிக நெருங்கிய நிலையில் இடைவெளி 0.007, மிக விலகிய நிலையில் 0.041. இவ்விரு எல்லைக்குள் எத்தண்டும் எத்துளையிலும் பொருந்தும். ஒரு பட்டறையில் செய்த தண்டு வேறொரு பட்டறையில் செய்த துளையில், இரு தொழிலாளரும் ஒருவரையொருவர் காணாமலேயே, பொருந்திவிடுவது இந்த ஏற்பாட்டினால்தான். பெருந்தொழில் முழுவதும் இதன்மீது நிற்கிறது. கூட்டலும் கழித்தலுமே இதற்கு வேண்டிய கணிதம்.

கடைசலிலிருந்து அப்போது எடுத்த தண்டு கையைச் சுடும். அனுபவமுள்ள தொழிலாளி உடனே அளக்க மாட்டார்; ஆறவிடுவார். ஏனென்று கேட்டால், ‘சூட்டில் அளவு பொய் சொல்லும்’ என்பார். எஃகு ஒரு பாகை வெப்பம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு விரிவடைகிறது. 25 மில்லிமீட்டர் தண்டு 40 பாகை சூடேறியிருந்தால் அதன் விட்டம் 0.0115 மில்லிமீட்டர் கூடியிருக்கும். அத்தண்டிற்கு அனுமதித்த எல்லை முழுவதுமே 0.013 மில்லிமீட்டர்தான்! சூட்டில் சரியென்று கண்ட தண்டு ஆறிய பின் எல்லைக்குக் கீழே போய்விடக்கூடும். தொழில் அளவுகள் யாவும் 20 பாகை வெப்பநிலைக்கு உரியனவாகவே குறிக்கப்படுவதன் காரணமும் இதுவே. தண்டவாள இடைவெளியை மட்டுமே உதாரணமாகக் கூறி வெப்ப விரிவைக் கற்பித்து வந்த ஆசிரியர், தம் ஊர்ப் பட்டறையிலேயே இன்னும் கூர்மையான உதாரணம் இருப்பதை அன்று காண்பார்.

இத்தகைய பயிற்சிகளுக்குத் தடையாயிருப்பது பெரும்பாலும் பணம் அன்று. 2016 முதல் அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தின் கீழ்ப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குத் தொழில்நுட்பக் கூடங்கள் நிறுவப்பட்டன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. தேசியக் கல்விக் கொள்கை, 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெறவேண்டுமென்று கூறுகிறது. கம்ப்யூட்டர் வழியாக உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று ‘நிஷ்டா’ பாடங்கள் 2021-இல் தொடங்கப்பெற்றன. கருவியும் நேரமும் ஏட்டளவில் உள்ளன. கருவிகள் பெட்டியிலேயே இருந்துவிடும் பள்ளிகளும் உள்ளன என்பது களப்பணியாளர் அறிந்ததே. காரணம் சோம்பலென்று கூறிவிடுதல் எளிது. மெய்யான காரணம், பல இடங்களில், இருப்புப் பதிவேடு. கருவி உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும். தொகையைத் தம் சம்பளத்திலிருந்து கட்ட நேரிடுமோ என்ற அச்சம் வேறு. பூட்டிவைத்த கருவி உடைவதில்லை. அதற்காக எவரும் விளக்கம் கேட்பதுமில்லை. இந்நிலையில் அறிவுள்ள எவரும் பூட்டியே வைப்பார். சோதனையில் இயல்பாக உடைவதற்கென்று ஆண்டுதோறும் ஒரு பங்கை முன்னரே அனுமதித்து, அதற்குட்பட்ட உடைவிற்கு விளக்கம் வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை பிறப்பித்தால், அது பத்து முகாம்களுக்குச் சமமாகும். பட்டறையின் டாலரன்ஸ் என்பதை அலுவலகமும் கடைப்பிடிக்கலாம் அல்லவா?

மற்றொரு தடை, பயிற்சியை அடுக்கடுக்காக இறக்கும் முறை. தலைநகரில் சிலருக்கு ஐந்து நாள் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தில் மூன்று நாள். அங்குக் கற்றவர்கள் வட்டாரத்தில் ஒரு நாள். ஒவ்வோர் அடுக்கிலும் நேரம் குறையும்போது முதலில் உதிர்வது செய்முறை. இறுதிவரை எஞ்சுவது சொற்பொழிவு. வெர்னியரைப் பற்றிய செய்தி கடைசி ஆசிரியரை அடையும், வெர்னியர் அடையாது. அடுக்கு முறையைத் தவிர்க்க இயலாத இடங்களில், ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, அதனை மட்டும் முழுமையாகச் செய்வது மேல். பத்துச் சோதனைகளின் படங்களைக் காட்டுவதைவிட, ஒரு திண்மத்தை ஒட்டி வெயிலில் அளந்துவிட்டு வருவது ஆசிரியரிடம் நிலைக்கும். கேட்டறிய வேண்டிய பகுதியைக் கம்ப்யூட்டர் வழிப் பாடங்களுக்கு விட்டுவிட்டு, ஆசிரியர்கள் நேரில் கூடும் நாட்களை முழுவதும் கைவேலைக்கே ஒதுக்கலாம்.

முகாமின் கடைசி நாளில் ஆசிரியர்கள் தாம் செய்ததை அருகிலுள்ள பள்ளியின் மாணவர்களைக் கொண்டு செய்விக்க, உடன் பயின்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுத்தல் நன்று. ஆசிரியர் செய்யும்போது எளிதாயிருந்தது, நாற்பது பிள்ளைகளிடம் பத்துக் கத்தரிகளை மட்டும் கொடுத்துச் செய்விக்கும்போது வேறாகிவிடும். அவ்விடர்களுக்கு வழி காண்பது முகாமில் இருக்கும்போதே நிகழ வேண்டும்.

பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்துக் களப்பணியாளர் பள்ளிக்குச் செல்லும்போது, வருகைப் பதிவேட்டையும் கருவிப் பட்டியலையும் பார்ப்பதோடு, மாணவரின் செய்முறைக் குறிப்பேடுகள் நான்கைந்தை வாங்கி ஒன்றுடன் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கவும். எல்லாக் குறிப்பேட்டிலும் தண்டின் விட்டம் ஒரே எண்ணாக, கடைசித் தசமம் வரையில் ஒத்திருந்தால், அவ்வகுப்பில் ஒருவர் அளந்தார், மற்றவர் எழுதினர், அல்லது எவருமே அளக்கவில்லை என்று கொள்ளலாம். எண்கள் சிறிது வேறுபட்டு, ஓரிரண்டு அடித்துத் திருத்தப்பட்டு, ஓரத்தில் ‘மறுபடி அளக்க’ என்று எழுதப்பட்டிருந்தால், அவ்வாசிரியருக்கு அடுத்த ஆண்டு முகாமில் பயிற்சியாளராக வரும்படி அழைப்பு அனுப்பலாம்.